தூரிக்கு டிக்கெட்

1.

இது கதையாக ஆரம்பித்ததல்ல. சுவரில் ஒட்டுவதற்கு ஒரு பக்கம் கேட்டார்கள். எழுத உட்கார்ந்தேன். இப்படி ஆகிவிட்டது.

கேட்டது சைத்ரா என்கிற பெண். கோயம்புத்தூரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் பக்கத்தில், வெளியூர் நோயாளிகள் தங்குவதற்கு டிரஸ்ட்காரர்கள் ஒரு விடுதி நடத்துகிறார்கள். வாடகை கிடையாது. சைத்ரா அங்கே வேலை பார்க்கிறது. இரண்டு வருசத்துக்கு முன் நானும் என் சம்சாரம் பாவாத்தாளும் அங்கே ஏழு வாரம் இருந்தோம். அவளுக்குக் கழுத்தில் கட்டி. கரண்ட் வைத்தார்கள்.*

போன மாசம் சைத்ரா போன் செய்தது.

"ஐயா, நல்லா இருக்கீங்களா?"

"இருக்கறனுங்க."

"இங்க வாரவங்க கரண்ட் வெச்சுட்டு வந்து நாளெல்லாம் செவுத்தையே பாத்துட்டு உக்காந்திருக்காங்க ஐயா. நீங்களும் ஆத்தாவுந்தான் ஊரெல்லாம் சுத்துனீங்க. காசில்லாமப் பாக்கற எடமா ஒரு பக்கம் எழுதிக் குடுங்களேன். ஒட்டிப்போடலாம்."

"நான் அஞ்சாவது வரைக்குந்தான் அம்மணி."

"நீங்க எழுதுனாத்தான் நம்புவாங்க. நீங்க லேசுல எதையும் நம்ப மாட்டீங்கன்னு இங்க எல்லாருக்கும் தெரியுங்களே."

அது சரிதான். வாடகை இல்லை என்று சொன்னபோது, வேறு எதில் பிடிப்பார்கள் என்றுதான் யோசித்தேன். ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடச் சொன்னதற்கு மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை படித்தேன். முதல் மூன்று நாள் அவர்கள் போட்ட சோற்றைத் தொடவில்லை. பாவாத்தாள் தொட்டாள். "செத்தா நான் முந்தி, நீங்க பாத்துட்டு அப்பறம் சாப்புடுங்க" என்றாள்.

[இந்த வாக்கியத்தை எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். அவள் சொன்னது. இருக்கட்டும்.]

* கரண்ட் என்றால் ரேடியேசன். எங்கள் பக்கம் எல்லோரும் கரண்ட் என்றுதான் சொல்வோம். பத்து நிமிசத்தில் முடிந்துவிடும். மீதி நாள் முழுக்கக் கையில் இருக்கும். அதுதான் பிரச்சினை.

2.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

"கோயம்புத்தூர் ஓர் அழகிய நகரம்."

அடித்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்கு வந்தவனுக்கு எந்த ஊரும் அழகாகத் தெரியாது. படிக்கிறவன் முதல் வரியிலேயே இவன் பொய் சொல்கிறான் என்று போய்விடுவான்.

இரண்டாவதாக:

"காலை ஒன்பதரைக்குக் கரண்ட் வைத்து வெளியே வந்தால் ராத்திரி வரைக்கும் உங்களுக்கு வேலையில்லை. அந்த நேரத்தை –"

இது பரவாயில்லை. ஆனால் அந்த நேரத்தை என்ன செய்வது என்று எனக்கு மட்டும் தெரியுமா என்ன. நின்றுவிட்டது.

மூன்றாவதாக:

"வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு தூரி இருந்தது."

எழுதிய கையோடு பேனாவை மூடிவைத்தேன். மூன்று நாள் எடுக்கவில்லை.

தூரி என்றால் ஊஞ்சல். அதற்கு வருகிறேன். முதலில் அந்தப் பெண் கேட்டதைக் கொடுத்துவிடுகிறேன்.

3.

பஸ். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது. ஆண்களுக்கு உண்டு. ஒவ்வொரு தடவையும் கண்டக்டர் அவளைத் தாண்டி என்னிடம் கையை நீட்டும்போது பாவாத்தாள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பாள். "நான் பிரீங்க. செலவெல்லாம் உங்களாலதான்" என்பாள். அறுபத்திரண்டு வயதில் அவளுக்குக் கிடைத்த பெரிய மரியாதை அது.

உக்கடம் பெரியகுளம். கரையில் நடைபாதை போட்டிருக்கிறார்கள். காலையிலும் சாயங்காலமும் போகலாம். மத்தியானம் போகாதீர்கள், நிழல் போதாது. படகுக்குக் காசு. படகில் ஏறாமலும் தண்ணீர் தெரியும்.

சிங்காநல்லூர் குளம். அலகுக்குக் கீழே பை தொங்குகிற கூழைக்கடா வரும். அவள் பார்த்துவிட்டு, "இதும் கழுத்துல கட்டியோட இருக்குதுங்க, ஆனா மீன முழுங்குது பாருங்க" என்றாள். அப்போது அவளுக்குக் கஞ்சியே இறங்கவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு வந்தது.

பேரூர். நொய்யல் படித்துறை. தண்ணீர் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நாங்கள் போனபோது ஒரு ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஊருக்குக் கீழேயும் இதே நொய்யல்தான் போகிறது, அங்கே சாயம் கலந்து வரும். இங்கே கலக்காத தண்ணீர். அவள் இறங்கிக் காலை நனைத்துக்கொண்டு, "நம்மூருக்கு வாரதுக்கு முந்தி எப்படி இருந்துச்சுன்னு பாத்துட்டேன்" என்றாள்.

ரேஸ்கோர்ஸ் நடைபாதை. ஆட்கள் காரில் வந்து இறங்கி நடக்கிறார்கள்.

"காரு வெச்சிருக்கறவிய எதுக்குங்க நடக்கறாங்க?"

"டாக்டர் சொல்லியிருப்பாரு."

"நம்ம டாக்டர் நம்மளக் காரு வாங்கச் சொல்லலீங்களே."

மருதமலை. படி ஏற முடியாதவர்கள் அடிவாரத்தில் நின்று கும்பிட்டுவிட்டு வரலாம். அவள் அப்படித்தான் செய்தாள்.

ரயில். பிளாட்பாரத்துக்குப் போகாதீர்கள், டிக்கெட் கேட்பார்கள். பக்கத்து மேம்பாலத்தில் நின்றால் யாரும் கேட்க மாட்டார்கள்.

ஏழு வாரத்தில் ஒரே ஒரு நாள்தான், இரண்டாம் வாரக் கடைசியில், நாங்கள் சேர்ந்து போகவில்லை. காப்பீட்டு அட்டையில் பேர் தப்பாக இருக்கிறதென்று என்னை ஆபீசுக்கு அனுப்பினார்கள். காலையில் போனவன் சாயங்காலம்தான் வந்தேன். அவள் அறையில் இருந்தாள். என்ன செய்தாய் என்று கேட்டேன். "சும்மாதானுங்க இருந்தேன்" என்றாள். நம்பினேன்.

சைத்ரா கேட்டது இவ்வளவுதான். இதோடு கிழித்துக் கொடுத்திருந்தால் வேலை முடிந்தது. ஆனால் ஓர் இடத்தை விட்டுவிட்டேன். படிக்கிறவர்களுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

4.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்தது உங்களுக்கு விளங்காது.

என் பேர் ஐயாசாமி. பெருந்துறைப் பக்கம். அப்பனும் ஆத்தாளும் தோட்டத்தில் கூலிக்குப் போனவர்கள். நானும் முப்பது வயது வரைக்கும் போனேன். பிறகு தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் வேலை. பதினெட்டு வருசம். கேட்டைத் திறப்பதற்குத்தான் வாட்ச்மேன் என்று வெளியே இருக்கிறவர்கள் நினைப்பார்கள். எனக்குச் சொல்லிக்கொடுத்தது யாரை உள்ளே விடக்கூடாது என்பதைத்தான். செருப்பைப் பார், சட்டையைப் பார், நிற்கிற நிலையைப் பார். தயங்கி நிற்கிறவனை விடாதே. நானும் விடவில்லை. மழைக்கு ஒதுங்கிய கர்ப்பிணிப் பெண்ணைக்கூட –

[இதை முடிக்க மாட்டேன்.]

ஆக, எந்த கேட்டைப் பார்த்தாலும் அந்தப் பக்கம் நிற்கிறவன் என்ன நினைப்பான் என்று எனக்குத் தெரியும். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. ஆடி நோம்பிப் பண்டிகைக்கு எங்கள் பக்கம் தூரி கட்டுவார்கள். தோட்டத்துச் சொந்தக்காரர் வீட்டுப் புளியமரத்தில் வடக்கயிறு போட்டுக் கட்டுவோம். கட்டுவது எங்கள் ஆட்கள். ஆடுவது அவர்கள் வீட்டுப் பெண்கள். சாயங்காலம் கயிற்றை அவிழ்ப்பதற்கு முன் எங்கள் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஓர் ஆட்டம் என்று ஒவ்வொரு வருசமும் சொல்வார்கள். சொன்னதோடு சரி. எட்டு வயதில் ஒரு தடவை நான் கேட்காமல் ஏறிவிட்டேன். இறக்கினார்கள். எப்படி இறக்கினார்கள் என்பது என் இடது காதுக்குத் தெரியும், அதில் எனக்கு இன்றைக்கும் சரியாகக் கேட்காது.

பாவாத்தாளும் பக்கத்து ஊரில் இதே மாதிரி மரத்தடியில் நின்றவள்தான். ஏறவில்லை. வரிசையில் நின்றாள். சொன்னார்கள் அல்லவா, அதனால் நின்றாள். அவள் அப்படி.

5.

விடுதிக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் நடுவில் ஒரு சின்னப் பூங்கா. கம்பி வேலி, பச்சைக் கேட், உள்ளே வேப்பமரம் நாலைந்து. மரத்தடியில் இரும்புச் சங்கிலி போட்ட பெரிய தூரி. பெரியவர்கள் உட்காருகிற அளவுக்கு அகலமான பலகை.

இரண்டாவது நாளே பார்த்துவிட்டாள்.

"ஏனுங்க, அங்க பாருங்க. தூரி."

"ம்."

"பெரியவியளே ஆடறாங்க. அந்தம்மாவுக்கு என் வயசிருக்கும்."

கேட்டில் காக்கிச் சட்டை போட்ட ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நான் என் செருப்பைப் பார்த்தேன். அவள் கழுத்தில் சுற்றியிருந்த பச்சைத் துண்டைப் பார்த்தேன். நாங்கள் நிற்கிற நிலையைப் பார்த்தேன். நானாக இருந்தால் எங்களை விட்டிருக்க மாட்டேன்.

அவளுக்கு முன்னால் ஒருவன் என்னைப் போ என்று சொல்லி நான் திரும்பி வரவேண்டும். அது என்னால் முடியாது. பயமாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. நாற்பது வருசமாக அவளிடம் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

"அதுக்கு டிக்கெட்டு புள்ள."

"எவ்வளவுங்களாம்?"

"ஆளுக்கு இருவது ரூபா."

"அப்ப வேண்டாமுங்க" என்றாள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. ஆனால் தினமும் திரும்பி வரும்போது அந்த வேலிக்குப் பக்கத்தில் நடை மெதுவாகும். கம்பியில் ஒரு கையை வைத்துக்கொண்டு நிற்பாள். நான் பத்தடி முன்னால் போய், "வா, பொழுதாகுது" என்பேன். வருவாள்.

6.

இந்த இடத்தில் கதையை எனக்குச் சாதகமாகத் திருப்பப் பார்த்தேன். ஒளிக்கப்போவதில்லை. இப்படி எழுதினேன்:

"அந்த வாட்ச்மேன் எங்களை மேலும் கீழும் முறைத்தான். 'எங்கய்யா போற, இது உங்கள மாதிரி ஆளுங்களுக்கு' –"

பொய். அவன் முறைக்கவில்லை. நான் அவன் முகத்தையே பார்க்கவில்லை. பார்த்தது சட்டையை மட்டும். அந்தச் சட்டைக்குள் என்னையே உட்கார வைத்து, என் வாயால் பேசவைத்து, அதைக் கேட்டுப் பயந்துகொண்டேன்.

கதை எழுதுகிறவர்களுக்கு இது வசதி. ஒரு கெட்டவனை உண்டாக்கிவிட்டால் தன் தப்பை அவன் தலையில் இறக்கிவைத்துவிடலாம். இரண்டு பக்கம் அப்படி எழுதினேன். நன்றாகத்தான் வந்திருந்தது. கிழித்துவிட்டேன்.

7.

கரண்ட் முப்பத்தைந்து நாள் முடிந்தது. ஊருக்கு வந்தோம். குரல் போய்விட்டது. காற்று மாதிரிதான் பேசுவாள், நான் வலது காதை அவள் வாயருகே வைத்துக் கேட்பேன். எட்டு மாசம் நன்றாக இருந்தாள். பிறகு கட்டி திரும்பி வந்தது. மறுபடி அதே ஆஸ்பத்திரி. இந்தத் தடவை ஊரைச் சுற்றவில்லை. படுக்கைதான்.

கடைசி வாரத்தில் ஒரு சாயங்காலம் கையைக் காட்டிக் கூப்பிட்டாள். காதைக் கொண்டுபோனேன்.

"ஏனுங்க. தூரி டிக்கெட்டு இப்ப முப்பதாயிருக்குமுங்களா?"

அவள் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. அது என்ன சிரிப்பென்று எனக்கு அப்போது தெரியவில்லை. மருந்து மயக்கம் என்று நினைத்தேன்.

"ஆயிருக்கும்" என்றேன்.

என் கையை ஒரு தட்டு தட்டினாள். சரி விடுங்க என்பது போல.

நாலாம் நாள் போய்விட்டாள்.

8.

சைத்ரா பட்டியல் கேட்டதும், எழுதுமுன் எல்லா இடத்தையும் ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று கோயம்புத்தூர் போனேன். பழைய நினைவை வைத்து எழுதி, எவனாவது நோயாளியை அழைத்துக்கொண்டு போய் ஏமாந்தால் பாவம் எனக்கு. ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தேன். கடைசியாக அந்தப் பச்சைக் கேட்டுக்கு முன்னால் போய் நின்றேன். தயங்கித்தான் நின்றேன்.

காக்கிச் சட்டைக்காரர் எழுந்து வந்தார். ஐம்பது வயதிருக்கும். பேர் கந்தப்பன் என்று பிறகு சொன்னார்.

"வாங்கய்யா. ஏன் வெளிய நிக்கறீங்க?"

"டிக்கெட்டு எவ்வளவுங்க?"

அவர் என்னையே பார்த்தார். முதல் தடவையாக நானும் அவர் முகத்தைப் பார்த்தேன். எங்கள் ஊர்ச் சந்தையில் காய் விற்கிறவர் முகம் மாதிரி இருந்தது. பயப்பட அதில் ஒன்றுமில்லை.

"ஏனுங்கய்யா, பச்சைத் துண்டு சுத்திட்டு ஒரு அம்மா வருவாங்களே, உங்களோட. இந்தக் கம்பியப் புடிச்சுட்டு நிப்பாங்களே. அவிய வல்லீங்களா?"

வரவில்லை என்றேன். வர மாட்டாள் என்றேன். அவர் தலையில் இருந்த தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"தெனமும் கூப்புடலாம்னு எந்திரிப்பனுங்க. அதுக்குள்ள நீங்க கூட்டிட்டுப் போயிருவீங்க. ஒரு நா தனியா வந்தாங்க. 'தூரிக்கு இருவது ரூபாய்ங்களா'ன்னு கேட்டாங்க. யாரும்மா சொன்னது, இதெல்லாம் சும்மாதான், வாங்க உக்காருங்கன்னேன். உள்ள வந்து அந்தச் சங்கிலியப் புடிச்சுப் பாத்தாங்க. உக்காரல."

"ஏன்?"

"'எங்கூட்டுக்காரரு டிக்கெட்டுன்னு சொல்லிப்போட்டாருங்க. அவரு வந்தா நீங்க ஒண்ணுஞ் சொல்லிப்போடாதீங்க, சங்கடப்படுவாரு. அவராக் கூட்டிட்டு வரட்டும், அவரு தள்ளி உட்டு ஆடிக்கறேன்'னாங்க. எனக்கு ஒண்ணும் புரியலீங்க. சரின்னுட்டேன்."

ஆறுதலுக்குக் கட்டிச் சொல்கிறாரோ என்று என் புத்தி அப்போதும் போயிற்று. ஆனால் இருபது ரூபாய் என்பதை நான் அவளிடம் மட்டும்தான் சொன்னேன். அது அவர் வாயில் வந்தது. தப்பிக்க வழியில்லை.

மறுபடியும் வரிசையில் நின்றிருக்கிறாள். இந்தத் தடவை எனக்காக. ஐந்து வாரம்.

9.

கதை என்றால் முடிவு வேண்டும் என்கிறார்கள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

அ. நான் கேட்டுக்குள் அவளை அழைத்துப் போகிறேன். கந்தப்பன் வாங்க என்கிறார். அவள் பலகையில் உட்கார்ந்து துண்டை இறுக்கிக்கொள்கிறாள். பின்னால் நின்று தள்ளுகிறேன். தூரி மேலே போகிறது. அவள் –

இங்கேதான் நிற்கிறது. அடுத்து அவள் சிரிக்க வேண்டும். கூழைக்கடாவைப் பார்த்துச் சிரித்தது தெரியும், கண்டக்டரைப் பார்த்துச் சிரித்தது தெரியும். தூரியில் எப்படிச் சிரிப்பாள் என்று எனக்குத் தெரியாது. பார்க்கவில்லை. பார்க்காததை எழுத எனக்கு வரவில்லை. கத்துவாளா, கண்ணை மூடிக்கொள்வாளா, போதும் போதும் என்பாளா, இன்னும் என்பாளா. ஒவ்வொன்றாக எழுதி அடித்தேன். எதிலும் அவள் இல்லை.

ஆ. வேலிக்குப் பக்கத்தில் நின்று, "பாவா, டிக்கெட்டெல்லாம் இல்ல. எனக்குத்தான் பயம்" என்று சொல்கிறேன். அவள், "தெரியுமுங்க" என்கிறாள். இதுதான் நல்ல முடிவு. இரண்டு வரியில் முடிந்துவிடும். கதையே தேவைப்பட்டிருக்காது.

இ. கிழவன் தனியாக அந்தத் தூரியில் உட்காருகிறான். படிக்கிறவர்களுக்குக் கண் கலங்கும். ஆனால் நான் உட்காரவில்லை. கந்தப்பன் சொல்லத்தான் செய்தார். சங்கிலியை மட்டும் பிடித்துப் பார்த்தேன். வெயிலில் சுட்டது. விட்டுவிட்டு வந்தேன்.

10.

ஆக, முடிவு என்னிடம் இல்லை. உங்களிடம் இருக்கலாம்.

இதை விடுதிச் சுவரில் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். [எட்டுப் பக்கத்தைச் சுவரில் ஒட்ட முடியாது என்று சைத்ரா சொல்கிறது. ஒட்டு என்றிருக்கிறேன்.] விடுதியிலிருந்து வலது பக்கம் திரும்பி நடந்தால் பச்சைக் கேட். காலை ஆறிலிருந்து பத்து, சாயங்காலம் நாலிலிருந்து ஏழு. டிக்கெட் கிடையாது. நான் கேட்டுவிட்டேன். என்னை நம்பலாம், இந்த ஒன்றில்.

உங்களோடு வந்தவர்களை அழைத்துப் போய் உட்கார வையுங்கள். சங்கிலி சுடும், துண்டைச் சுற்றிப் பிடிக்கச் சொல்லுங்கள். மெதுவாகத் தள்ளுங்கள். தள்ளும்போது முகம் தெரியாது, பின்னால் நிற்பீர்கள் அல்லவா. நாலு தள்ளு தள்ளிவிட்டு முன்னால் வந்து பாருங்கள்.

பார்த்ததைத் திரும்பி வந்து இங்கே எழுதுங்கள். கீழே அரைப் பக்கம் காலியாக விட்டிருக்கிறேன். பேனாவை நூலில் கட்டித் தொங்கவிடச் சொல்லியிருக்கிறேன், யாரும் எடுத்துப் போய்விடாமல் இருக்க. பெரிதாக ஒன்றும் வேண்டாம். எப்படிச் சிரித்தார்கள் என்று ஒரு வரி போதும்.

மாசம் ஒரு தடவை வந்து படிப்பேன். அதில் ஏதோ ஒன்று அவளுடையதாக இருந்தால் எனக்குத் தெரியும். அந்த வரியை எடுத்து, மேலே 'அ' என்று போட்டுப் பாதியில் விட்டிருக்கிறேனே, அந்த இடத்தில் நானே எழுதிக்கொள்கிறேன்.

தூரி மேலே போகிறது. அவள் –